மிளகாய் அழுகலுக்கு ஆடாதோடைச் சாறு காணுமா?

2024 ஜனவரி 6. விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

மிளகாய் முக்கால் ஏக்கர். பழுக்கத் தொடங்கினதும் பழத்தில கண் கண்ணாப் புள்ளி விழுந்து அழுகுது. ஆடாதோடை, நொச்சி, வேப்பிலை மூண்டையும் ஒண்டா அவிச்சு வடிச்சு அடிச்சால் காணும், கடை மருந்தே தேவையில்லை எண்டு ஒரு வீடியோவில சொல்லுறாங்கள். உண்மையோ? அடிச்சுப் பார்த்த ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.

ஜனவரி 6, இரவு

அடித்துப் பார்த்தவன் நான். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே தோட்டம். எந்தச் சாறும் அழுகின பழத்தை மாற்றாது தம்பி, விழுந்த புள்ளி விழுந்ததுதான். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். நாளைக்குப் பனி காய்ந்த பிறகு ஒரு வெறும் உரப்பையோடு போய், புள்ளி விழுந்த காய், பழம் அத்தனையையும் ஆய்ந்து பைக்குள் போடுங்கோ. வாய்க்காலில் எறிய வேண்டாம், வரம்பில் குவிக்கவும் வேண்டாம். தோட்டத்துக்கு வெளியே கிடங்கு வெட்டித் தாட்டு விடுங்கோ. அழுகின பழத்தில் மழைத்துளி விழுந்து தெறித்தால் அந்தத் தெறிப்பிலேயே வித்தி, அதாவது பூஞ்சணத்தின் விதை மாதிரியான தூள், பக்கத்துச் செடிக்குப் போய்விடும்.

ஜனவரி 7

கேட்க மறந்தது. புள்ளி எப்படி இருக்கிறது? வெயில் படுகிற பக்கம் மட்டும் தோல் வெளிறிக் காய்ந்திருந்தால் அது வெயிற்சூடு. ஓட்டையும் உள்ளே எச்சமும் இருந்தால் புழு. இந்த இரண்டுக்கும் பங்கசு (பூஞ்சணம்) மருந்து அடித்து ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு பழத்தைக் கிட்டப் பிடித்துப் படம் எடுத்துப் போடுங்கோ.

ஜனவரி 9

படம் பார்த்தேன். அந்திரக்நோசு என்ற பழ அழுகல் நோய்தான், சந்தேகமில்லை. பழத்தில் விரலால் அமத்தினது போலக் குழி. வட்டத்துக்குள் வட்டம். நடுவில் கடுகை அரைத்துத் தூவினது போலக் கறுப்புப் பொட்டு. மழைநாளில் பார்த்தால் அந்தப் பொட்டுகளுக்கு மேல் இளஞ்சிவப்பாய்ப் பசை மாதிரி ஒன்று கசிந்திருக்கும். அது முழுக்க வித்தி. கொலெற்றோட்ரைக்கம் என்ற பங்கசின் வேலை.

இதில் பலருக்கும் தெரியாத விசயம் ஒன்று இருக்கிறது. காய் பச்சையாக இருக்கும்போதே பங்கசு தோலுக்குள் போய்ச் சும்மா படுத்திருக்கும். காய் பழுக்கத் தொடங்கத்தான் எழும்பும். நாங்கள் புள்ளியைக் கண்டு மருந்தைத் தேடுகிற நேரம் அது உள்ளே போய் எத்தனையோ நாள். இலைச்சாறு தோலுக்கு மேலே நிற்கிற சாமான், உள்ளே இறங்காது. ஆகவே பூ உதிர்ந்து காய் பிடிக்கிற நேரத்திலேயே அடிக்கத் தொடங்க வேண்டும். பழத்தைக் கண்டு தொடங்கினால் காலம் கடந்தது.

ஜனவரி 13

“அப்ப சாறு வேலை செய்யாதோ?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வேலை செய்கிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்கத் தடை போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனாலும் அந்தக் காலபோகத்துக்கு (மாரிமழைப் பயிர்க்காலம்) கடையில் சாமான் இல்லை, இருந்ததும் வாங்குகிற விலையில் இல்லை. மார்கழியில் என் மிளகாய்க்கு இதே வருத்தம். அம்மாதான் சொன்னா, “தொண்ணூறுகளில தடை போட்டு ஒண்டும் வராத காலத்தில நாங்கள் ஆடாதோடையை இடிச்சுத்தான் அடிச்சனாங்கள். ஆடு தொடாத இலை, பூச்சாணம் மட்டும் தொடுமோ?” போர்நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வன்னிக்கு யூரியா வராது, மருந்து வராது, மண்ணெண்ணெயும் போத்தல் கணக்குத்தான். அப்போது கையில் கிடந்தது வேலியும் காடும்தான்.

அம்மா சொன்னபடி ஒரு கிலோ ஆடாதோடை இலையை ஒரு லீற்றர் தண்ணி விட்டு இடித்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, பத்து லீற்றராக்கி, பொழுதுபடுகிற நேரம் அடித்தேன். ஐந்து நாளுக்கு ஒருக்கா, மூன்று முறை. புதுப்புள்ளி விழுவது நின்றது. அந்த முறை மிளகாய் விற்றுத்தான் மகளின் பள்ளிக்கூடச் செலவு பார்த்தேன். நான் ஆடாதோடையை நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

ஜனவரி 14

அவிக்கிறதா இடிக்கிறதா என்ற கேள்விக்கு: அவிக்கக் கூடாது.

உள்ளியை, அதாவது வெள்ளைப்பூண்டை, எடுத்துப் பாருங்கோ. முழுப்பல்லில் மணம் இல்லை. நசித்தவுடன்தான் அந்தக் காரமணம் வரும். அந்த நேரத்தில்தான் அலிசின் என்ற சாமான் உண்டாகிறது, பங்கசைப் பிடிப்பதும் அதுதான். அடுப்பில் வைத்தால் போய்விடும். நசித்துக் கனநேரம் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நான் பத்து லீற்றருக்குக் கால் கிலோ உள்ளி போடுகிறேன். பின்நேரம் இடித்துப் பின்நேரமே அடித்து முடித்துவிடுவேன். போத்தலில் ஊற்றி அடுத்த கிழமைக்கு வைக்கிற சாமான் இல்லை இது.

நாளைக்குப் பொங்கல். இரண்டு நாளைக்குத் தோட்டப்பக்கம் போவது குறைவு, எழுதுவதும் இல்லை.

ஜனவரி 17

மேலே “அவிக்கக் கூடாது” என்று ஒரேயடியாய் எழுதினது பிழை. எல்லா மூலிகைக்கும் அது பொருந்தாது. ஐரோப்பாவில் குதிரைவால் என்ற செடியின் கசாயத்தைப் பயிர்ப் பங்கசுக்கு அடிக்கலாம் என்று 2014இல் அனுமதி கொடுத்தார்கள். அதைக் கொதிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். அந்தச் செடி எங்கள் ஊரில் இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: உள்ளியை அவிக்க வேண்டாம். வேப்பங்கொட்டையையும் அவிக்க வேண்டாம், இடித்து இரவு முழுக்கத் தண்ணியில் ஊறவிட்டால் காணும்.

ஜனவரி 21

இன்று ஒரு வேலை செய்தேன். செய்யாமல் விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் பழைய நாட்காட்டிகளை எறிவதில்லை. மழை பெய்த நாளுக்கு அப்பா ஒரு வட்டம் போடுவார். அவர் போன பிறகு நான் போடுகிறேன். 2021 மார்கழித் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் முதல் முறை ஆடாதோடை அடித்ததற்கு இரண்டு நாள் முன்னம் கடைசி வட்டம். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு மேல் ஒரு வட்டமும் இல்லை.

மழை நின்றால் அந்திரக்நோசு தானே நிற்கும். வித்தி முளைக்க இலையிலும் பழத்திலும் ஈரம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அண்ணையிடம் போய்க் கேட்டேன். அவர் அந்த முறை ஒன்றுமே அடிக்கவில்லையாம். “எனக்கும் அப்பவே நிண்டதடாப்பா” என்றார்.

ஆக, ஜனவரி 13இல் எழுதினதில் நடந்தது அத்தனையும் உண்மை. ஆனால் மிளகாயைக் காப்பாற்றியது ஆடாதோடை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இரண்டு வருசமாக எத்தனையோ பேருக்கு அடித்துச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இதை வாசித்தால், திருத்திக்கொள்ளுங்கோ.

ஜனவரி 24

அதனால் இந்த முறை ஒழுங்காகப் பார்க்கிறேன். பிந்தி நட்ட பாத்தி இப்போது பூவும் காயுமாய் நிற்கிறது. நாலு வரிசை பிரித்துத் தடி நட்டுச் சீலைத்துண்டு கட்டியிருக்கிறேன். முதல் வரிசைக்கு ஆடாதோடை. இரண்டாவதுக்கு உள்ளி. மூன்றாவதுக்கு வெறும் தண்ணியில் சவர்க்காரம். நாலாவதுக்கு விவசாயப் போதனாசிரியர் சொன்ன கடைப் பங்கசு நாசினி. எல்லாம் ஒரே நாள், ஒரே நேரம். சவர்க்காரத் தண்ணி வரிசை ஏன் என்று மகள் கேட்டாள். மருந்து எதுவும் அடிக்காமல் விட்டால் என்ன நடந்திருக்கும் என்று 2021இல் எனக்குத் தெரியாமல் போனது. அந்த வரிசைதான் இந்த முறை அதைச் சொல்லும்.

ஜனவரி 29

கிணற்றுத்தண்ணி பற்றி. எங்கள் பக்கத்துத் தண்ணி உவர்ப்பும் சுண்ணாம்பும். சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளையாய்த் திரைந்து வாளியில் மிதக்கும். வேப்பெண்ணெயும் கலக்காமல் மேலே எண்ணெயாகவே நிற்கும். அதை அப்படியே தாங்கியில் ஊற்றினால் முதல் பாதிக்குத் தண்ணி வரும், கடைசியில் தனி எண்ணெய் வந்து இலையைக் கருக்கும். நான் மழைத்தண்ணி பிடித்து வைத்த பரலில் கலக்கிறேன். சோப்பையும் எண்ணெயையும் முதலில் கொஞ்சத் தண்ணியில் கையால் அடித்துப் பால் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் மிச்சத் தண்ணி. வேப்பங்கொட்டையில் இருக்கிற அசாடிராக்ரினுக்கும் சுண்ணாம்புத் தண்ணி ஆகாது, வெயிலும் ஆகாது. பொழுதுபட அடி என்று பழைய ஆக்கள் சொன்னதில் காரணம் இருக்கிறது.

பெப்ரவரி 11

நாலு வரிசையிலும் இரண்டு முறை பழம் ஆய்ந்து முடிந்தது. புள்ளி விழுந்த பழத்தை நாலு வாளியில் வேறு வேறாகப் போட்டுவந்தேன். சவர்க்காரத் தண்ணி வாளி தலைதட்டி நிரம்பியது. ஆடாதோடை அதைவிட ஒரு பிடி குறைவு. அந்த ஒரு பிடியை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. உள்ளி வாளி அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே. கடை மருந்து வாளி கால்வாசி.

இடையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. அதற்குப் பிறகு உள்ளி வரிசையிலும் புள்ளி கூடியது. சாறு கழுவுப்பட்டுப் போயிருக்க வேண்டும். மழைக்குப் பிறகு திரும்ப அடிக்காமல் ஐந்து நாள் கணக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தது என் பிழை.

ஒரு தோட்டம், ஒரு போகம், நாலு வரிசை. இதை வைத்து ஊருக்கெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என்றாலும் ஆடாதோடை இடித்த கை இனி உள்ளி இடிக்கும். உள்ளி விற்கிற விலையில் முக்கால் ஏக்கருக்கு இது கட்டுமா என்று விசுவமடுத் தம்பி கேட்பது நியாயம். எனக்கே கட்டாது. வீட்டுத்தோட்டத்துக்கும் நாற்றுமேடைக்கும் சரி.

பெப்ரவரி 12

அறிவியல்நகரில் விவசாயபீடத்தில் படிக்கிற பிள்ளை ஒருவர் நல்ல விளக்கம் தந்தார். ஆய்வுகூடத்தில் பங்கசு வளர்க்கிற அகார்க் கூழோடு சாற்றைக் கலந்து, நடுவில் பங்கசை வைத்து எவ்வளவு படருகிறது என்று அளப்பார்களாம். தட்டுக்குள் வெயில் இல்லை, மழை இல்லை, பங்கசு சாற்றுக்குள்ளேயே கிடக்கிறது. அங்கே அமத்துகிற எத்தனையோ செடி தோட்டத்தில் வேலை செய்யாது. வீடியோக்காரர் காட்டுகிற தட்டுப் படத்துக்கும் எங்கள் வாளிக்கும் நடுவில் இவ்வளவு தூரம்.

பெப்ரவரி 18

மிளகாயை விட்டுக் கொஞ்சம் பூசணிக்குப் போவோம். பகல் வெயில், இராப்பனி. பூசணியிலும் வெண்டியிலும் கோதுமைமா தூவினது போலத் தூள் பூஞ்சணம் வந்துவிட்டது. இது அந்திரக்நோசுக்கு நேர் எதிர்க்குணம். இலையில் தண்ணி நிற்கத் தேவையில்லை, மழை இல்லாத காலத்தில்தான் கூடும். இலைக்கு மேலேயே படர்கிற பங்கசு என்றபடியால் மேலே படுகிற சாமான் இதைப் பிடிக்கும். செடிச்சாற்றுக்கு உண்மையான இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

வேப்பெண்ணெய் லீற்றருக்கு 30 மில்லி என்று புத்தகத்தில் இருக்கும். நான் அந்த அளவில் காலமை ஒன்பது மணிக்கு அடித்துப் பூசணி இலை விளிம்பெல்லாம் கருகிப்போனது. இப்போது 15 மில்லி, பொழுதுபட, இலையின் கீழ்ப்பக்கமும் நனைய. முதல் வெள்ளைப்பொட்டு கண்ட அன்றே தொடங்கினால் நிற்கிறது. இலை முழுக்க வெள்ளையான பிறகு அடித்தவர்களுக்கு நிற்காது.

பசும்பாலும் அடிக்கலாம். பகிடி இல்லை. பிரேசிலில் பெத்தியோல் என்ற ஆய்வாளர் 1999இல் பூசணிக் குடும்பத்துப் பயிரில் அடித்துப் பார்த்து எழுதியிருக்கிறார், பத்துக்கு ஒரு பங்கு பால். நான் இரண்டு கொடிக்கு அடித்தேன். வெள்ளை நின்றது, கொஞ்சம் புளித்த மணம் வந்தது. அம்மாவுக்கு மனமில்லை. “பிள்ளையளுக்குக் குடுக்கிற பாலை பூசணிக்கு வார்க்கிறியோ” என்று ஒரு நாள் முழுக்கக் கதைத்தா. பிறகு நான் அடிக்கவில்லை.

பெப்ரவரி 20

கத்தரி வாடுகிறது, மூன்று கிழமையாக வேப்பஞ்சாறு ஊற்றுகிறேன், நிற்கவில்லை என்று வவுனிக்குளத்து அக்கா எழுதியிருந்தா. அக்கா, வாடின செடியின் அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணியில் அசையாமல் பிடியுங்கோ. வெட்டின வாயிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் அது பற்றீரியா வாடல். பங்கசு இல்லை. பங்கசுக்கான எந்தச் சாறும் அதைத் தொடாது. செடியை வேரோடு பிடுங்கி எடுங்கோ, அந்த வாய்க்கால் தண்ணியை மற்றப் பாத்திக்கு விடாதேங்கோ, அந்த இடத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி திரும்ப வேண்டாம்.

மிளகாயில் இலைச்சுருளும் அப்படித்தான். பனிப்பூச்சி, சிற்றுண்ணி, வைரசு, இதில் ஏதோ ஒன்று. வெண்டியில் மஞ்சள் நரம்பு வைரசு, வெள்ளை ஈ கொண்டுவருகிறது. இலை நோயென்றால் எல்லாம் பங்கசு என்று ஒரே வாளியைக் கலக்கி மூன்று கிழமையை விடுகிறோம். அந்த மூன்று கிழமைதான் தோட்டம்.

பெப்ரவரி 20, பின்னேரம்

அக்கா குவளையில் பார்த்தாவாம். நூல் இறங்கினதாம்.

மார்ச் 3

புகையிலைத் தண்ணியும் ஊமத்தை இலையும் சேர்த்தால் இன்னும் வேகமாம் என்று ஒருவர் போட்டிருக்கிறார். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்: வேண்டாம். நிக்கொட்டீன் தோலாலேயே உடம்புக்குள் போகிற நஞ்சு. ஊமத்தையும் நஞ்சு. நாளைக்கு ஆய்ந்து சந்தைக்குக் கொண்டுபோகிற பயிற்றங்காயில் அதை அடிக்கிறதா? செடியில் இருந்து வந்ததென்றபடியால் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. போதாததுக்குப் புகையிலையில் இருக்கிற மொசைக் வைரசு அந்தக் கையாலேயே தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும்.

அதோடு லேபிள் இல்லாத “மூலிகைப் பங்கசு நாசினி” போத்தல். நான் போன வருசம் ஒரு கடையில் வாங்கினேன். என்ன செடி, எவ்வளவு, எப்போது வடித்தது, ஒன்றும் எழுதியில்லை. நாறினது, வேலை செய்யவில்லை. காசைவிட, அதை நம்பி விட்ட பத்து நாள்தான் இன்னும் மனதில் கிடக்கிறது.

மார்ச் 10

நாற்றுமேடை பற்றிப் பலர் கேட்டபடியால். முளைத்த நாற்று அடியில் நூலாய் மெலிந்து ஒரே இரவில் சாய்வது நாற்றழுகல். முக்கியமாகப் பிதியம், றைசொக்ரோனியா என்ற கிருமிகளின் வேலை. பிதியம் சரியாய்ப் பார்த்தால் பங்கசே இல்லை. அதன் கலச்சுவர் செலுலோசு, பங்கசின் கலச்சுவர் கைற்றின். ஒன்றைப் பிடிக்கிற மருந்து மற்றதைப் பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வழக்கம் மேடைக்கு மேலே வைக்கோலும் உமியும் பரப்பிக் கொளுத்துவது. காற்றுக்கு எதிர்ப்பக்கமாய்க் கொளுத்தினால் ஆறுதலாக எரிந்து சூடு கீழே இறங்கும். முருங்கையிலையைக் கொத்திப் புதைத்து ஒரு கிழமை விட்டு விதைப்பதும் செய்கிறேன். கொளுத்தாத மேடையில் முருங்கையிலை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை, ஆகவே அதன் பங்கு எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன்.

ரைக்கோடேர்மா போடுகிறவர்கள் கவனம். அதுவும் பங்கசுதான், நல்ல பங்கசு. அதைப் போட்ட மேடைக்கு உள்ளிச்சாறு ஊற்றினால் உள்ளிக்கு நல்லது கெட்டது தெரியாது.

ஏப்ரல் 7

விசுவமடுத் தம்பியின் தோட்டத்துக்கு நேற்றுப் போனேன். நல்ல பிள்ளை. புள்ளிப்பழத்தை ஒழுங்காகத் தாட்டிருக்கிறார், பங்குனி மிளகாய் தப்பிவிட்டது. ஆனால் விதைக்கென்று ஒதுக்கி வைத்த பழத்தைப் பார்த்து என் நெஞ்சு திக்கென்றது. நோய் விழுந்த வரிசையிலிருந்து, புள்ளியில்லாத பழமாய்ப் பொறுக்கியிருக்கிறார். அதுக்குள்ளும் படுத்திருக்கும். இந்தப் பங்கசு விதையோடு அடுத்த போகத்துக்கு வரும். தூவல் தண்ணியும் பொழுதுபட அடிக்கிறார். இரா முழுக்கச் செடி நனைந்தபடி நிற்கிறது. காலமைக்கு மாற்றச் சொன்னேன்.

விதைக்குச் சூட்டுத்தண்ணி வைத்தியம் இருக்கிறது. 52 பாகை செல்சியசு, 30 நிமிடம், உடனே பச்சைத்தண்ணி, பிறகு நிழலில் உலர்த்தல். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி 42க்கு மேல் காட்டாது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரிடம் ஆய்வுகூட வெப்பமானி இரவல் வாங்கினோம். பெரிய கிடாரத்தில் தண்ணி, மெல்லிய துணியில் தளர்வாய்க் கட்டின விதை, அடுப்புக்குப் பக்கத்தில் தம்பியின் மனைவி ஒரு கையில் கொதிதண்ணிக் கேத்திலும் மறுகையில் பச்சைத்தண்ணிச் செம்புமாக. 50க்குக் கீழே போனால் கேத்தில், 53 தாண்டினால் செம்பு. அரை மணித்தியாலம் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. கூடினால் விதை செத்துவிடும்.

ஏப்ரல் 19

ஈரச்சாக்கில் முளைக்கப் போட்ட ஐம்பது விதையில் நாற்பத்தொன்று முளைத்ததாகத் தம்பி படம் போட்டிருக்கிறார்.

ஜூலை 14

வேப்பம்பழம் கொட்டுகிறது. மரத்தடியில் மஞ்சளாய்க் கிடக்கிறது, காகமும் அணிலும் பாதி. இப்போது பொறுக்கினால்தான் காலபோகத்துக்குக் கொட்டை. தோலும் சதையும் போகக் கழுவி நிழலில் காயவையுங்கோ. ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். பங்கசுக்கு மருந்தென்று பங்கசு பிடித்த கொட்டையை இடிக்க வேண்டாம். சணல் சாக்கு, காற்றுப்படுகிற பரண்.

பருப்பு அரைக் கிலோவுக்குப் பத்து லீற்றர். நான் இன்றைக்கு இரண்டு கடகம் பொறுக்கியிருக்கிறேன். வருகிற காலபோகத்தில் ஐந்து வரிசை. ஐந்தாவது வேப்பங்கொட்டை. சவர்க்காரத் தண்ணி வரிசை அப்படியே இருக்கும். விசுவமடுத் தம்பியும் தன் பக்கத்தில் ஐந்து வரிசை பிரிக்கிறார். இரண்டு வீட்டிலும் நாட்காட்டியில் மழைக்கு வட்டம் போட்டுவருவோம்.